கேரவனுக்குள் ஒரு நாற்றம்: தேடியதும் தீர்த்ததும்

வாகனக் கடன் பெற்ற வாடிக்கையாளர் தொடர்ந்து தவணை தவறினால், வங்கி அலுவலர்கள் அவரை நேரில் சந்திக்கச் செல்வது வழக்கம். வாகனத்தையும் பார்த்து வர வேண்டும். அது இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறதா, ஓடும் நிலையில் உள்ளதா, காப்பீடு நடப்பில் உள்ளதா என்பனவே நாங்கள் கவனிப்பவை. வாகனத்தை முகர்ந்து பார்க்க வேண்டும் என்று எந்தச் சுற்றறிக்கையிலும் எழுதப்பட்டதில்லை. ஆயினும், இடுக்கி மாவட்ட மலைப்பகுதியில் உள்ள கிளையொன்றில் நாங்கள் பணியாற்றிய காலத்தில், ஒரு கடன் கணக்கின் நன்மையும் தீமையும் அப்படி முகர்ந்து பார்த்ததில்தான் தங்கியிருந்தது.

கேரள அரசு 2021-ஆம் ஆண்டு கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தது. மறு ஆண்டில் வாகமணில் கேரவன்களை நிறுத்தித் தங்குவதற்கென்றே ஒரு பூங்கா திறக்கப்பட்டது. அதையொட்டி எங்கள் கிளைக்கும் சிலர் திட்ட அறிக்கையுடன் வந்தனர். அவர்களுள் ஒரு தம்பதியரைப் பற்றியதே இக்கட்டுரை. கணவர் இருபது ஆண்டுகள் சுற்றுலா ஜீப் ஓட்டியவர். மனைவி, வரும் பயணிகளுக்கு வீட்டுச் சமையல் செய்து கொடுத்தவர். எங்கள் கள அலுவலர் அவரைச் ‘சேச்சி’ என்றே அழைப்பார். நாங்களும் அவ்வாறே அழைத்துப் பழகினோம். பிறர் எஞ்சின் பொருந்திய கேரவனை நாட, இவர்களோ ஜீப் ஏற்கெனவே கையில் இருந்ததால், அதன் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துச் செல்லும் கேரவனை வாங்கினர். இரண்டு படுக்கைகள், சிறிய சமையல் மேடை, கைகழுவும் தொட்டி, கழிப்பறையுடன் கூடிய குளியலறை, குளிர்சாதனம் ஆகிய அனைத்தும் ஏறக்குறைய பதினாறு அடி நீளத்துக்குள் அடங்கியிருந்தன. ஏலத்தோட்டம் ஒன்றின் ஓரத்தில் அதனை நிறுத்தி வாடகைக்கு விட்டனர். விருந்தினர் விரும்பினால் வேறு மலைகளுக்கும் இழுத்துச் சென்றனர்.

முதல் எட்டு மாதங்கள் தவணை நாள் தவறாமல் வந்தது. பின்னர் மழைக்காலம் தொடங்கியது. விருந்தினர்கள் ‘உள்ளே ஏதோ வாடை’ என்று சொல்லத் தொடங்கினர். ஒரு குடும்பம், குழந்தைக்குத் தலைவலியும் குமட்டலும் என்று சொல்லி, இரவு இரண்டு மணிக்கு அறையைக் காலி செய்வதுபோல் கேரவனைக் காலி செய்து புறப்பட்டுச் சென்றது. அதன்பின் முன்பதிவுகள் குறைந்தன. அக்டோபர் முதல் வாரத்தில் நாங்கள் சென்றபோது மூன்று தவணைகள் நிலுவையில் இருந்தன. முதல் தவணை தவறி 64 நாள்கள் ஆகியிருந்தன. 90 நாள்களைக் கடந்தால் அக்கணக்கு வாராக்கடன் என வகைப்படுத்தப்படும். அதன்பின் அலுவலரின் நல்லெண்ணத்துக்கு அதில் அதிக இடம் இராது.

கதவைத் திறந்ததும் எங்களை வரவேற்றது மல்லிகை மணம். கார்களில் வைக்கும் நறுமணப் புட்டிகள் மூன்று இருந்தன. கைகழுவும் தொட்டியில் அந்துருண்டைகள் உருண்டன. மூலையில் கற்பூரம் கட்டித் தொங்கவிடப்பட்டிருந்தது. இத்தனைக்கும் அடியில், மூடி வைத்த பாத்திரத்துக்குள்ளிருந்து வருவதுபோல, வேறொன்று இருந்தது. ஆனால் அதற்கு ஒரு பெயர் சொல்ல எங்களால் இயலவில்லை. ஒருவர் சாக்கடை என்றார், மற்றவர் ஈரத்துணி என்றார். சேச்சியோ, “எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை சார், வருகிறவர்கள்தான் சொல்கிறார்கள்” என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. ஒரே வாடையில் சில நிமிடங்கள் இருந்தாலே மூக்கு அதனைப் பதிவு செய்வதைக் குறைத்துக்கொள்ளும். மீன் விற்பவருக்கு மீன் வாடை தெரியாமல் போவது இதனால்தான். நாள்தோறும் கேரவனைக் கூட்டித் துடைப்பவருக்கு அதன் நாற்றம் கடைசியாகவே தெரியவரும். ஆகவே நாற்றத்தைத் தேடுவோர் முதலில் செய்ய வேண்டியது, நறுமணப் பொருள்கள் அனைத்தையும் வெளியேற்றி, கதவு சன்னல்களை ஓரிரவு அடைத்து வைத்து, மறுநாள் காலை வெளிக்காற்றில் சிறிது நேரம் நின்றபின் உள்ளே நுழைவதே. நுழைந்த முதல் அரை நிமிடத்தில் மூக்கு சொல்வதை நம்பலாம். அதற்குப் பின் சொல்வது அவ்வளவு உறுதியன்று.

வணிகவியல் படித்த எங்களுக்கு அந்த மல்லிகை மணம் வேறொன்றை நினைவூட்டியது. இருப்புநிலை ஒத்துவராதபோது, வேறுபாட்டுத் தொகையைச் சஸ்பென்ஸ் கணக்கில் போட்டு அன்றைய கணக்கை முடிப்பது உண்டு. அன்றிரவு நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். ஆனால் பிழை அங்கேயே இருக்கும், சில வேளை வளரவும் செய்யும். அந்தக் கேரவனுக்குள் ஏறக்குறைய நான்கு மாதங்களாக அதுவே நடந்துகொண்டிருந்தது.

எங்களுக்குக் குழாய் வேலை தெரியாது, மின்வேலையும் தெரியாது. தெரிந்தது கணக்கு எழுதுவது ஒன்றே. ஆகவே ஒரு பழைய நாட்குறிப்பேட்டைக் கொடுத்து, வாடை எப்போது வருகிறது, எந்த இடத்தில் வலுக்கிறது, அப்போது மழையா வெயிலா, காற்றுப்போக்கி ஓடுகிறதா, தண்ணீர் பயன்படுத்தப்பட்டதா, மின்சாரம் இருக்கிறதா என்பவற்றைப் பத்து நாள்கள் எழுதி வருமாறு கேட்டுக்கொண்டோம். அக்கம்பக்கத்தார் ஒருவரை அழைத்து முகரச் சொல்லி, அவர் சொல்வதையே எழுதுமாறும் கூறினோம். சேச்சியின் கணவர் சற்றே சிரித்தார். தவணை கேட்க வந்தவர்கள் நாட்குறிப்பு கொடுத்துவிட்டுப் போகிறார்களே என்று நினைத்திருப்பார்.

பத்து நாள் கழித்துக் குறிப்பேட்டைப் பார்த்தபோது, அதில் இருந்தது ஒரு நாற்றம் அன்று, மூன்று நாற்றங்கள் எனத் தெரிந்தது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்றும் ஒரே பெயரில் வாழ்ந்துவந்தன. ஒன்றைச் சரிசெய்தாலும் மற்ற இரண்டும் இருந்ததால், ‘எதைச் செய்தும் பயனில்லை’ என்ற முடிவுக்கு அவர்கள் வந்திருந்தனர்.

வற்றிப்போன நீர்ப்பூட்டு

முதல் வகைப் பதிவுகள் இவ்வாறு இருந்தன: கேரவன் மூன்று நாள் சும்மா நின்றபின் சாக்கடை வாடை, மலைப்பாதையில் இழுத்துச் சென்று நிறுத்தியதும் அதே வாடை, குளியலறைக் காற்றுப்போக்கியைப் போட்டால் வாடை மிகுகிறது, விருந்தினர் தங்கித் தண்ணீர் புழங்கத் தொடங்கியபின் குறைகிறது.

வீட்டுக் குழாய்ப் பணியாளருக்கு இதைப் படித்துக் காட்டியதும் அவர் ஒரு குவளைத் தண்ணீர் கேட்டார். கைகழுவும் தொட்டியின் கீழும் குளியலறை வடிகாலின் கீழும் குழாய் வளைந்து செல்வதை நாம் பார்த்திருப்போம். அவ்வளைவில் எப்போதும் சிறிது நீர் தேங்கி நிற்கும். கழிவுநீர்த் தொட்டியின் வாயு மேலேறி அறைக்குள் வராமல் தடுக்கும் பூட்டு அந்த நீர்தான். வீட்டில் அது வற்றுவது அரிது. கேரவனிலோ வளைவு ஆழம் குறைந்தது. வெயிலில் விரைவில் ஆவியாகும். கொண்டையூசி வளைவுகளில் வண்டி சாயும்போது சிதறியும் போகும். பூட்டு திறந்துவிட்டால், காற்றுப்போக்கி அறைக் காற்றை வெளியே தள்ளத் தள்ள, ஈடு செய்யும் காற்று தொட்டியிலிருந்தே உறிஞ்சப்படும். நாற்றத்தைப் போக்க என்று அவர்கள் போட்ட விசிறியே நாற்றத்தை இழுத்து வந்தது.

மருந்து எளிது. வண்டியை நிறுத்தியதும் ஒவ்வொரு வடிகாலிலும் ஒரு குவளை நீர் ஊற்ற வேண்டும். சில வாரங்கள் பூட்டி வைப்பதாயின் அந்நீரின்மேல் இரண்டு கரண்டி சமையல் எண்ணெய் விட்டால் ஆவியாவது குறையும். கழிப்பறையில் நீர் திறந்துவிடும்போது காற்றுப்போக்கியை நிறுத்திவிட வேண்டும்.

கைகழுவும் தொட்டியின் அடியில், நீர்ப்பூட்டையொட்டி, மூடி போன்ற சிறிய பிளாஸ்டிக் வால்வு ஒன்றும் இருந்தது. நீர் வடியும்போது காற்றை உள்ளே விட்டு, மற்ற வேளையில் வாயுவை வெளியே விடாமல் மூடிக்கொள்வது அதன் பணி. உள்ளிருக்கும் மெல்லிய இரப்பர்த் தகடு காய்ந்து சுருண்டுபோயிருந்தது. ஏறக்குறைய எழுநூறு ரூபாயில் புதிது பொருத்தப்பட்டது. அந்துருண்டைகள் நான்கு மாதங்களாக உருண்டுகொண்டிருந்தது அதற்கு ஒரு சாண் மேலே.

தொட்டியிலும் ஒரு பிழை இருந்தது. தோட்டத்தின் ஓரத்தில் நின்ற நாள்களில், கழிவுத் தொட்டியின் வால்வை எப்போதும் திறந்து வைத்து, நேராகக் கழிவுக்குழிக்குப் போகும்படி விட்டிருந்தனர். பார்ப்பதற்கு நல்ல ஏற்பாடு. ஆனால் நீர் மட்டும் ஓடிவிட, திடக்கழிவு தொட்டியின் அடியில் குவிந்து காய்ந்து மேடாகிவிடும். வால்வை மூடியே வைத்து, கழிப்பறையில் தாராளமாக நீர் ஊற்றி, தொட்டி மூன்றில் இரண்டு பங்கு நிரம்பியபின் ஒரே வீச்சில் திறந்துவிட வேண்டும். அந்த வேகமே கழிவை அடித்துச் செல்லும். காய்ந்த மேட்டைக் கரைக்க, தொட்டியை நீரால் நிரப்பி, ஓரிரவு ஊறவிட்டு, மீண்டும் மீண்டும் வடிக்க வேண்டியிருந்தது. கூரைமேல் ஏறிப் பார்த்தபோது, தொட்டியின் வாயு வெளியேறும் குழாயின் வாயில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. அதையும் அகற்றினோம். கழிப்பறைக் கிண்ணத்தில் நீர் ஊற்றி ஒரு மணி நேரம் கழித்தும் அது இறங்காமல் நின்றதால், அடியிலுள்ள இரப்பர் வளையம் நன்றாக இருக்கிறது என்று பணியாளர் உறுதி செய்தார். இறங்கியிருந்தால் அதையும் மாற்றியிருக்க வேண்டும்.

கூரையில் நுழைந்து கட்டிலில் வெளிப்பட்ட மழை

இரண்டாம் வகைப் பதிவுகளில் ‘ஈரத்துணி வாடை, பின்கட்டில் தலைமாடு, மழைக்கு மறுநாள்’ என்ற சொற்கள் திரும்பத் திரும்ப வந்தன. துலாமழை தொடங்கிவிட்டதால் பதிவுகளுக்குப் பஞ்சமில்லை.

கட்டிலின் அடிப்பெட்டியைத் திறந்து பிளைவுட்டைக் கட்டைவிரலால் அழுத்தியபோது அது ஊறிய ரொட்டிபோல் அமுங்கியது. பின்சுவரில்தான் ஒழுக்கு என்று எல்லோரும் நினைத்தோம். ஆனால் நீர் நுழையும் இடமும் தெரியும் இடமும் ஒன்றாக இருப்பதில்லை. அவ்விடத்துத் தரை சரிவானதால் கேரவனின் முன்பகுதி சற்று உயர்ந்தே நின்றது. முன்பக்கக் கூரைத் தையலில் புகுந்த நீர், கூரைக்கும் உட்பலகைக்கும் இடையே ஓடிப் பின்புறத்தில் இறங்கியிருந்தது. இதைக் கண்டுபிடித்தது இரப்பர்க் குழாயும் பொறுமையும். ஒருவர் வெளியே நின்று, கீழிருந்து மேலாக, ஒவ்வொரு உயரத்திலும் பத்து நிமிடம் நீர் பாய்ச்சினார். மற்றவர் உள்ளே விளக்குடன் பார்த்திருந்தார். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் நனைந்து, எது ஒழுகுகிறது என்று தெரியாமல் போய்விடும்.

பழைய சீலன்டின்மேல் புதிய சீலன்டைப் பூசுவது பலரும் செய்யும் தவறு. கீழே உள்ளது ஏற்கெனவே பிடி விட்டிருக்கும். முழுவதையும் சுரண்டி எடுத்து, உலர்த்தி, புதிதாகப் பூசினோம். ஊறிய பலகையை வெட்டி அகற்றியபின், மூன்று நாள் மின்விசிறி வைத்து உள்ளிடத்தை உலர்த்திய பிறகே புதுப்பலகை பொருத்தப்பட்டது. அவசரப்பட்டு ஈரத்தின்மேல் மூடினால் பூஞ்சணம் அதனுள்ளேயே தழைக்கும். மெத்தையின் நுரைப்பஞ்சைக் காப்பாற்ற சேச்சி மிகவும் முயன்றார். வெயிலில் போட்டார், வேப்பிலை போட்டார். பூஞ்சணம் உள்வரை போன நுரைப்பஞ்சு திரும்புவதில்லை. அது குப்பைக்குப் போனதில் அவருக்கு இன்றும் வருத்தமே.

மலையின் மழைக்காலத்தில், உள்ளே ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் பூஞ்சணம் பெரிதாக வளராது. ஈரப்பதம் காட்டும் சிறு கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. விருந்தினர் இல்லாத நாள்களில் மெத்தைகளை நிமிர்த்தி வைப்பது, அலமாரிக் கதவுகளைத் திறந்து வைப்பது, குளிர்சாதனத்தின் வடிகட்டியையும் நீர்த்தட்டையும் கழுவுவது ஆகியவை பெரும்பாலும் போதுமானவை.

அழுகிய முட்டை

இவை இரண்டும் முடிந்தபின் கேரவன் நன்றாகவே மணந்தது, பகலில் மட்டும். குறிப்பேட்டில் மூன்றாம் வகைப் பதிவுகள் ஐந்தே ஐந்து. எல்லாம் இரவில், அழுகிய முட்டை வாடை என்று எழுதப்பட்டவை. அந்தக் குடும்பம் நள்ளிரவில் வெளியேறியதும் இதனால்தான் இருக்கக்கூடும். கழிப்பறைதான் காரணம் என்று எல்லோரும் முடிவு செய்திருந்தனர். ஆனால் கழிப்பறை சரியானபின்னும் அது வந்தது.

ஐந்து பதிவுகளையும் அடுத்தடுத்துப் படித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. ஒவ்வொன்றிலும் ‘மாலையில் மின்தடை, பின்பு மின்சாரம் வந்தது’ என்ற குறிப்பு இருந்தது. மின்சாரம் வந்து இரண்டு மணி நேரம் கழித்தே வாடை. மின்தடை இல்லாத இரவுகளில் வாடையே இல்லை. கழிப்பறைக்கு மின்சாரத்தைப் பற்றி என்ன கவலை? எங்கள் கள அலுவலர்தான் முதலில் நிமிர்ந்து பார்த்தார். கிளையின் பேட்டரி அறையில் முன்னொரு நாள் இதே வாடை வந்ததாக அவருக்கு நினைவு. உடனே தொலைபேசியில் அழைத்து, அன்றிரவு கேரவனில் யாரும் படுக்க வேண்டாம் என்றும், மின்னேற்றியை மூல விசையிலேயே நிறுத்திவிட்டுக் கதவுகளைத் திறந்து வைக்குமாறும் சொன்னார்.

விளக்குகளுக்கும் நீரேற்றிக்குமான 150 ஆம்பியர்-மணி ஈயப் பேட்டரி, முன்கட்டிலின் அடியில், காற்றுப்போக வழியில்லாத பெட்டிக்குள் இருந்தது. மறுநாள் பேட்டரிக் கடைக்காரர் வந்து பார்த்தார். நீர்மட்டம் தகடுகளுக்குக் கீழே போயிருந்தது, பக்கங்கள் புடைத்திருந்தன. மின்னேற்றியைச் சிறிது நேரம் மட்டும் இயக்கி அளந்தபோது 15 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. நிறைந்த 12 வோல்ட் பேட்டரியைத் தொடர்ந்து தாங்கிப் பிடிக்க 13.5 வோல்ட் அளவே போதும். மிகை மின்னேற்றத்தில் பேட்டரி சூடேறி, அதிலுள்ள நீர் ஹைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் பிரிகிறது. நிலை முற்றும்போது கந்தக அமிலத்திலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயுவும் வருகிறது. அழுகிய முட்டை வாடை அதனுடையதே.

இவ்வாயுவின் தீய குணம் ஒன்று உண்டு. மிகச் சிறிய அளவிலேயே மூக்குக்குத் தெரியும் இது, பத்து இலட்சம் பங்கு காற்றில் ஏறக்குறைய நூறு பங்கை எட்டும்போது முகரும் நரம்பையே முடக்கிவிடும். ‘வாடை போய்விட்டது’ என்று நினைக்கும் வேளையே ஆபத்து மிகும் வேளையாகவும் இருக்கலாம். ஹைட்ரஜனோ காற்றில் 4 விழுக்காடு சேர்ந்தாலே ஒரு தீப்பொறியில் வெடிக்கக்கூடியது. ஆகவே இவ்வாடை வந்தால் பேட்டரி முனைகளைக் கழற்ற முனையக் கூடாது. கழற்றும்போது பொறி பறக்கும். எல்லோரும் வெளியேறி, மின்னேற்றத்தைத் தொலைவிலிருந்து துண்டித்து, காற்றோட்டம் தந்து, பேட்டரி ஆறியபின் அறிந்தவரையே தொடவிட வேண்டும். அந்தக் கட்டிலின்மேல் விருந்தினர் குழந்தைகள் உறங்கியிருக்கிறார்கள் என்பதைச் சேச்சி அன்று பலமுறை சொன்னார். நாங்கள் பதில் ஒன்றும் சொல்லவில்லை.

புதிய பேட்டரியும் வோல்ட்டைத் தானே கட்டுப்படுத்தும் மின்னேற்றியும் வாங்கப்பட்டன. பேட்டரி, வெளிச்சுவரில் காற்றுத்துளைகள் கொண்ட தனிப்பெட்டிக்கு மாற்றப்பட்டது.

முட்டை வாடை எல்லாம் பேட்டரியிலிருந்தே வரும் என்றும் கொள்ள வேண்டாம். வெந்நீர்க் குழாயைத் திறக்கும்போது மட்டும் அது வந்தால், நீர்கொதிகலனில் துருத்தடுப்புக்கு வைத்துள்ள மக்னீசியக் கோலும் நீரிலுள்ள சில நுண்ணுயிர்களும் சேர்ந்து செய்யும் வேலை அது. சலவைக்கடையில் கிடைக்கும் 5 விழுக்காட்டுச் சோடியம் ஹைப்போகுளோரைட்டை லிட்டருக்கு ஒரு மில்லி வீதம் நன்னீர்த் தொட்டியில் கலந்து, எல்லாக் குழாய்களிலும் ஓடவிட்டு, நான்கு மணி நேரம் வைத்திருந்து, வாடை நீங்கும்வரை நல்ல நீரால் அலச வேண்டும். கழிப்பறைக்கான அமிலக் கழுவியை இதனுடன் எக்காரணத்தாலும் கலக்கக் கூடாது. குளோரின் வாயு கிளம்பும்.

சமையல் எரிவாயுவுக்கு இயற்கையில் வாடை கிடையாது. கசிவை அறிவதற்காகவே எதில் மெர்காப்டன் என்ற பொருள் சேர்க்கப்படுகிறது. காற்றைவிடக் கனமானதால் அது தரையோரம் தேங்கும். ஐயம் எழுந்தால் முழந்தாளிட்டு முகர்ந்து பார்க்க வேண்டும். எந்த மின்விசையையும் போடவோ அணைக்கவோ கூடாது. கதவுகளைத் திறந்து, உருளையின் வால்வை மூடி, வெளியே வந்து 1906 என்ற அவசர எண்ணை அழைக்கலாம். காரணமின்றி மீன் வாடை வந்தால், சூடேறி உருகும் மின்பொருத்து எங்காவது இருக்கிறதா என்று தேடுவதும் நலம்.

புதுமணம் என்பதும் ஒரு வாடையே

புதிய கேரவன் வாங்குவோர் பலர் அதன் புதுமணத்தை விரும்புகின்றனர். அமெரிக்காவில் 2005-ஆம் ஆண்டு கத்ரீனா புயலில் வீடிழந்தோருக்கு அரசு இழுவைக் கேரவன்களை வழங்கியது. அவற்றில் குடியேறியோர் கண்ணெரிச்சல், மூச்சுத்திணறல் என்று முறையிட்டனர். அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2007 டிசம்பரிலும் 2008 ஜனவரியிலும் இத்தகைய 519 இல்லங்களின் காற்றை ஆராய்ந்தது. பலகைகளை ஒட்டும் பசையிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடு சராசரியாக நூறு கோடியில் 77 பங்கு இருந்தது. அது அங்குள்ள வழக்கமான வீடுகளைவிட மிகுதி. 2010-ஆம் ஆண்டு அங்கு பலகைகளில் அவ்வாயுவுக்கு வரம்பு விதிக்கும் சட்டமே இயற்றப்பட்டது. வெப்பமும் ஈரமும் ஏற ஏற இவ்வாயு மிகுதியாக வெளிப்படும். வாங்கிய முதல் சில மாதங்கள் சன்னல்களைத் திறந்து வைப்பதைத் தவிர நறுமணத் தெளிப்பான் எதுவும் இதற்கு விடையன்று.

பழைய கேரவனைக் கடன் பெற்று வாங்க எண்ணும் வாடிக்கையாளர்களுக்கு எங்கள் வேண்டுகோள் ஒன்று. விற்பவரிடம், முந்தைய நாள் மாலையிலிருந்து வண்டியைப் பூட்டி வைக்கச் சொல்லி, காலையில் நீங்களே திறந்து நுழையுங்கள். உள்ளே நறுமணம் வீசினால், எதற்காக என்று கேளுங்கள். கட்டில் அடிப்பெட்டிகளையும் சன்னல்களின் கீழ்மூலைகளையும் விரலால் அழுத்திப் பாருங்கள். தேய்மானத்தாலும் நாள்பட்ட ஒழுக்காலும் வரும் சேதத்துக்குப் பொதுவாக வாகனக் காப்பீடு இழப்பீடு தராது; மதிப்பீட்டாளரின் அறிக்கையிலும் நாற்றத்துக்கென ஒரு கட்டம் கிடையாது.

இந்தப் பழுதுகளுக்கெல்லாம் சேர்த்து ஏறக்குறைய 34,000 ரூபாய் ஆயிற்று. பெரும்பகுதி பேட்டரிக்கும் மின்னேற்றிக்கும். அதற்காகச் சேச்சியின் வளையல்கள் இரண்டு நகைக்கடனின் பேரில் எங்கள் பெட்டகத்துக்கு வந்தன. தீபாவளி விடுமுறைக்கு வந்த மூன்று குடும்பங்களின் வாடகையிலிருந்து, 86-ஆம் நாள் காலை, மிகப் பழைய தவணை செலுத்தப்பட்டது. மற்ற இரண்டும் பிப்ரவரிக்குள் தீர்ந்தன.

வளையல்களை மீட்க அவர்கள் வந்த நாளில் குறிப்பேட்டையும் கொண்டுவந்திருந்தனர். இன்னும் எழுதி வருகிறார்கள். விருந்தினர் வருமுன் காலையில் கதவைத் திறந்ததும் ஒரு வரி. அன்றைய வரியில் நேரம் 6.20 என்றும், ‘ஏலக்காய் வாசம், பக்கத்து உலர்த்தும் கொட்டகையிலிருந்து’ என்றும் இருந்தது. அதன் கீழே, கணவரின் கையெழுத்தில், வடிகால்களுக்கு நீர் ஊற்றியாயிற்று என்று எழுதியிருந்தது.